ஈரல் கொழுப்பு: எந்த ஸ்கான் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது?

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை மூத்த காக்கா மூன்று ஸ்கான் அறிக்கைகளோடு வீட்டுக்கு வந்தார். மூன்றையும் மேசையில் பரப்பி வைத்தார். "தம்பி, நீ விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்தானே. இதில எது உண்மை எண்டு சொல்லு" என்றார்.

முதலாவது அல்ட்ராசவுண்ட் அறிக்கை. அப்போது அவருடைய எடை 88 கிலோ. 'ஈரலில் கொழுப்பு, கிரேட் 1' என்று அதில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து சுபஹ் தொழுத கையோடு முக்கால் மணித்தியாலம் நடந்தார். பிளேன்டீயில் சீனியை விட்டார். இரவுச் சோற்றை நிறுத்தினார். ஒன்பது மாதத்தில் 7 கிலோ குறைந்தது. இடையில் பித்தக் குழாயில் கல் இருக்குமோ என்ற சந்தேகத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கான் ஒன்று எடுத்தார்கள். அந்த அறிக்கையில் கல் இல்லை என்றும், 'ஈரலில் கொழுப்பு காணப்படுகிறது' என்றும் இருந்தது. எவ்வளவு என்று இல்லை. கடைசியாக வேறோர் இடத்தில் எடுத்த அல்ட்ராசவுண்ட் அறிக்கை 'கிரேட் 2' என்றது.

"நடந்து நடந்து கால் தேஞ்சதுதான் மிச்சம். கொழுப்பு கூடியிருக்காம். பெரிய மெஷினுக்குள்ள படுத்தும் எத்தனை எண்டு சொல்றாங்க இல்ல" என்றார். நடப்பதை நிறுத்தி அன்றைக்கு இரண்டு கிழமை ஆகியிருந்தது.

அந்தக் கடைசி விடயம்தான் என்னை யோசிக்க வைத்தது. ஒரு மனிதர் நல்ல பழக்கம் ஒன்றைக் கைவிட்டுவிட்டார். அதற்குக் காரணம் நோய் அல்ல, மூன்று தாள்களை ஒப்பிட்டுப் பார்த்த விதம்.

நான் வைத்தியன் அல்லன். ஆனால் ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பௌதிகவியல் கற்பித்த விரிவுரையாளர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு பாடம் இங்கே பொருந்தும். ஒரு கருவி சரியா பிழையா என்று கேட்பதற்கு முன்னால், அது எதை அளக்கிறது என்று கேட்க வேண்டும். இந்த மூன்று அறிக்கைகளும் ஒரே விடயத்தை மூன்று விதமாகச் சொல்லவில்லை. மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தன.

"நாங்க குடிக்கிறல்லயே!"

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிப் பேச வேண்டும். ஈரல் வருத்தம் என்றால் மதுபானம் என்ற எண்ணம் எங்கள் மத்தியில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. "நான் வாழ்நாளில் தொட்டதே இல்லை, எனக்கெப்படி?" என்று காக்காவும் கேட்டார். ஈரலில் கொழுப்புப் படிவதற்கு மது ஒரு காரணம் மட்டுமே. நீரிழிவு, வயிற்றைச் சுற்றிய பருமன், இரத்தத்தில் கூடிய கொழுப்பு, உயர் குருதியமுக்கம் ஆகியவை மதுவைத் தொடாத கோடிக்கணக்கானோருக்கு இதைக் கொடுக்கின்றன. முன்னர் இதனை 'மதுசாராத கொழுப்பு ஈரல்' என்று அழைத்தார்கள். 2023ஆம் ஆண்டு சர்வதேச ஈரல் நிபுணர் சங்கங்கள் கூடி, உடலின் அனுசேபக் குறைபாட்டோடு தொடர்புபட்ட கொழுப்பு ஈரல் நோய் என்று பெயரை மாற்றிவிட்டன.

இது வெளிநாட்டு வியாதியும் அல்ல. ராகமையில் 35 முதல் 64 வயது வரையானவர்களிடம் 2007இல் நடத்தப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மதுவோடு தொடர்பில்லாத ஈரல் கொழுப்பு இருந்தது. தெற்காசியர்களாகிய எங்களுக்குப் பெரிய உடம்பு இல்லாமலே இது வரும். மெலிந்த ஒருவருக்கு வயிறு மட்டும் முன்தள்ளியிருந்தால் அவரும் கவனமாக இருக்க வேண்டியவர்தான்.

அல்ட்ராசவுண்ட்: கண்ணால் போடும் மதிப்பெண்

ஈரல் கலங்களுக்குள் கொழுப்புத் துளிகள் சேரும்போது அவை ஒலி அலைகளைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். திரையில் ஈரல் வழமையை விட வெளிச்சமாகத் தெரியும். பக்கத்திலுள்ள வலது சிறுநீரகத்தோடு ஒப்பிட்டு ஈரல் வெளிச்சமாக மட்டும் இருந்தால் கிரேட் 1. ஈரலுக்குள் ஓடும் இரத்தக் குழாய்களின் விளிம்புகள் மங்கினால் கிரேட் 2. ஈரலின் ஆழமான பகுதியும் பிரிமென்றகடும் தெரியாமல் போனால் கிரேட் 3.

இங்கே அளவுகோல் எதுவும் இல்லை. பார்ப்பவரின் கண்தான் அளவுகோல். கட்டுரை வினாவுக்கு இரண்டு ஆசிரியர்கள் புள்ளி போட்டால் இரண்டு விதமாக வருவதுபோல, ஸ்கான் செய்பவர், மெஷின், திரையின் வெளிச்ச அமைப்பு, நோயாளியின் வயிற்றுத் தோலின் தடிப்பு ஆகியவற்றுக்கேற்பக் கிரேட் ஒரு படி ஏறி இறங்கலாம். ஈரல் கலங்களில் சுமார் 20 வீதத்துக்கும் குறைவானவற்றில் மட்டும் கொழுப்பு இருந்தால், அல்ட்ராசவுண்ட் அதைத் தவறவிடவும் கூடும்.

ஆகவே இரண்டு இடங்களில், இரண்டு பேர் பார்த்த கிரேட் 1ஐயும் கிரேட் 2ஐயும் வைத்துக்கொண்டு 'கொழுப்பு கூடிவிட்டது' என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்காக அல்ட்ராசவுண்டைக் குறைத்துப் பேசவும் கூடாது. மலிவானது, வலியில்லாதது, எக்ஸ்ரே கதிர் இல்லாதது. 'கணிசமான கொழுப்பு இருக்கிறதா?' என்ற முதல் கேள்விக்கு அது போதும். 'போன வருடத்தை விடக் குறைந்திருக்கிறதா?' என்ற கேள்விக்குத்தான் அது பொருத்தமில்லை.

சி.டி. ஸ்கானில் கொழுப்புள்ள ஈரல் மண்ணீரலை விடக் கறுப்பாகத் தெரியும். ஆனால் குறைந்த அளவு கொழுப்பை அது சரியாகக் காட்டாது. எக்ஸ்ரே கதிரும் உண்டு. கொழுப்பைப் பார்ப்பதற்காக மட்டும் அதை எடுப்பதில்லை.

எம்.ஆர்.ஐ.: மைதானத்தில் ஓடும் இரண்டு பிள்ளைகள்

எம்.ஆர்.ஐ. மெஷின் உடம்பிலுள்ள ஐதரசன் அணுக்களின் கருக்களிடமிருந்து வரும் சமிக்ஞையைக் கேட்கிறது. நீரிலும் ஐதரசன் உண்டு, கொழுப்பிலும் உண்டு. 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் நீரின் ஐதரசன் செக்கனுக்குச் சுமார் 6 கோடியே 40 இலட்சம் தடவை சுழல்கிறது. கொழுப்பு மூலக்கூறுகளிலுள்ள இலத்திரன்கள் ஐதரசனைச் சற்றுக் கூடுதலாகத் திரையிட்டு மறைப்பதால், கொழுப்பின் ஐதரசன் செக்கனுக்கு ஏறத்தாழ 220 தடவை குறைவாகச் சுழல்கிறது. இந்தச் சின்ன மீடிறன் வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

இல்ல விளையாட்டுப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டமான ஓடுபாதையில் இரண்டு பிள்ளைகள் ஒன்றாகப் புறப்படுகிறார்கள். ஒரு பிள்ளை கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. சிறிது நேரத்தில் இருவரும் மைதானத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பார்கள். இன்னும் சிறிது நேரத்தில் வேகமான பிள்ளை ஒரு சுற்று முந்தி வந்து, இருவரும் மீண்டும் ஒரே இடத்தில் நிற்பார்கள்.

நீரும் கொழுப்பும் அப்படித்தான். சுமார் 2.3 மில்லிசெக்கனில் எதிரெதிராக நிற்கும். 4.6 மில்லிசெக்கனில் ஒன்றுசேரும். ஒன்றாக நிற்கும்போது படம் எடுத்தால் இரண்டு சமிக்ஞைகளும் கூடும். எதிராக நிற்கும்போது எடுத்தால் ஒன்றை ஒன்று கழிக்கும். 1984ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானி தோமஸ் டிக்சன் இந்த யோசனையை வெளியிட்டார். இன்றும் இம்முறைக்கு அவருடைய பெயரே வழங்குகிறது.

கணக்கு எளிது. ஓர் ஈரலில் நீரின் சமிக்ஞை 90, கொழுப்பின் சமிக்ஞை 10 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றாக நிற்கும் படத்தில் 100 வரும். எதிர்ப் படத்தில் 80 வரும். வித்தியாசம் 20. அதில் பாதியான 10தான் கொழுப்பு. கொழுப்பே இல்லாத ஈரலில் இரண்டு படங்களும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும்.

காக்காவின் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'காணப்படுகிறது' என்று எழுதியவர் இதைத்தான் பார்த்திருக்கிறார். எதிர்ப் படத்தில் ஈரல் கறுத்திருக்கிறது. ஆனால் அந்த ஸ்கான் எடுக்கப்பட்டது பித்தக் குழாயைப் பார்க்க. அதற்கான படங்கள் பித்தநீரை வெளிச்சமாகக் காட்டும்படி அமைக்கப்படுபவை. கொழுப்பை அளக்கும் படம் அதில் எடுக்கப்படவில்லை. மெஷின் பெரியதாக இருந்தாலும் அதனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

இரண்டு படம் ஏன் போதாது?

இரண்டு படங்களை வைத்தே கணக்குப் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். மூன்று தடைகள் உண்டு.

ஒன்று, இரும்பு. ஈரலில் இரும்பு கூடியிருந்தால் சமிக்ஞை வேகமாக அழிந்துவிடும். ஒன்றாக நிற்கும் படம் பிந்தி எடுக்கப்படுவதால் அதன் வெளிச்சம் கூடுதலாகக் குறையும். 100 வரவேண்டிய இடத்தில் 85 வந்தால் கொழுப்பு மறைந்துபோகும். அடிக்கடி இரத்தம் ஏற்றப்படும் தலசீமியா நோயாளர்களில் இது பெரிய பிரச்சினை.

இரண்டு, ஒவ்வொரு ரேடியோத் துடிப்புக்கும் பிறகு கொழுப்பின் ஐதரசன் நீரை விட விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் அது உள்ளதை விடக் கூடுதலாகத் தெரியும்.

மூன்று, கொழுப்பு ஒரே மீடிறனில் ஒலிப்பதில்லை. அதன் மூலக்கூறின் வெவ்வேறு இடங்களிலுள்ள ஐதரசன்கள் சற்று வெவ்வேறு மீடிறன்களைக் கொண்டவை.

இம்மூன்றையும் சரிசெய்து வந்ததுதான் பி.டி.எப்.எப். எனப்படும் கொழுப்புப் பின்ன அளவீடு. இதில் பெரும்பாலும் ஆறு தருணங்களில் படம் எடுக்கப்படும். சமிக்ஞை எந்த வேகத்தில் அழிகிறது என்பதைக் கணினி அந்த ஆறிலிருந்து கண்டுபிடித்து, இரும்பின் பாதிப்பை நீக்கும். துடிப்பைச் சிறியதாக வைத்து இரண்டாவது தடையைக் குறைப்பார்கள். கொழுப்பின் பல மீடிறன்களையும் கணக்கில் சேர்ப்பார்கள். முடிவில், நீர், கொழுப்பு இரண்டினதும் மொத்த ஐதரசனில் கொழுப்பின் பங்கு எத்தனை வீதம் என்று ஈரல் முழுவதற்கும் ஒரு வரைபடம் கிடைக்கும். இதற்கு ஊசி தேவையில்லை. சுமார் 20 செக்கன் மூச்சைப் பிடித்துக்கொண்டால் போதும்.

மெஷின் 1.5 டெஸ்லாவோ 3 டெஸ்லாவோ, எந்தக் கம்பெனியுடையதோ, வீதம் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். இதுதான் இந்த முறையின் பெரிய பலம். அதனால்தான் புதிய மருந்துகளைப் பரிசோதிக்கும் ஆய்வுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு முறை எம்.ஆர். நிறமாலை. ஈரலில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தைத் தெரிவுசெய்து, அங்கிருந்து வரும் மீடிறன்களை நேரடியாகப் பிரித்துப் பார்ப்பது. மிக நுணுக்கமானது. ஆனால் பானையில் ஒரு இடத்துச் சோற்றை மட்டும் பதம் பார்ப்பது போன்றது. ஈரலில் கொழுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் படிவதில்லை. ஆகவே இது ஆராய்ச்சிக் கூடங்களோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. ஈரலிலிருந்து ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயொப்சியிலும் இதே பிரச்சினை உண்டு. அந்தத் துண்டு முழு ஈரலின் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான்.

வீதத்தை எப்படி வாசிப்பது?

பி.டி.எப்.எப். 5 வீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாகச் சாதாரணம். 17 வீதமளவு வரை குறைந்த நிலை, 22 வீதமளவு வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை என்று பொதுவாகப் பிரிக்கிறார்கள். இந்த எல்லைகள் ஆய்வுக்கு ஆய்வு சற்று மாறும்.

'10 வீதம்' என்றதும் ஈரலில் பத்திலொரு பங்கு பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது கொழுப்பின் பங்கு மட்டுமே. பயொப்சி அறிக்கையில் வரும் வீதத்தோடும் இதை ஒப்பிடக் கூடாது. பயொப்சியில் எண்ணுவது கொழுப்புத் துளியுள்ள கலங்களின் எண்ணிக்கையை. அங்கே 60 வீதம் என்று வரும் ஈரலில் எம்.ஆர்.ஐ. அதைவிட மிகக் குறைந்த எண்ணையே காட்டும். இரண்டும் சரி. அளக்கும் பொருள்தான் வேறு.

இரண்டு எம்.ஆர்.ஐ. அளவீடுகளை ஒப்பிடும்போது, முன்னிருந்ததில் 30 வீதம் குறைந்தால் அதைப் பயனுள்ள குறைவு என்று கருதுகிறார்கள். உதாரணமாக 18இலிருந்து 12க்கு வருவது அதைவிடவும் நல்ல குறைவு.

உண்மையான கேள்வி: தழும்பு இருக்கிறதா?

இவ்வளவையும் சொன்ன பிறகு காக்கா கேட்டார்: "அப்ப அந்த ஆறு படம் எடுக்கிற எம்.ஆர்.ஐ.ய கொழும்புல போய் எடுப்பமா?"

பல்லாயிரம் ரூபாய் செலவழிப்பதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஈரலில் கொழுப்புள்ள பெரும்பாலானோருக்கு ஈரல் செயலிழப்பதில்லை. சிலருக்குக் கொழுப்பு அழற்சியாகி, அழற்சி ஆறி ஆறி நார்த் தழும்பாகி, தழும்பு முற்றிச் சிரோசிஸ் ஆகிறது. ஒருவருடைய எதிர்காலத்தைக் கூடுதலாகத் தீர்மானிப்பது கொழுப்பின் வீதமல்ல, தழும்பின் அளவு. இன்னும் ஒரு விடயம்: தழும்பு முற்றும்போது ஈரலிலுள்ள கொழுப்பு தானாகவே குறைந்துவிடுவதுண்டு. 'கொழுப்பு குறைந்துவிட்டது' என்ற அறிக்கை, மெலிந்து களைத்துப்போன ஒரு நோயாளிக்கு நல்ல செய்தியாக இல்லாமலும் போகலாம். கொழுப்பை அளக்கும் எம்.ஆர்.ஐ. தழும்பை அளப்பதில்லை.

தழும்பைப் பார்க்க முதற்படி ஸ்கானே அல்ல, சாதாரண இரத்தப் பரிசோதனை. பிப்-4 என்றொரு கணக்கு உண்டு. வயதை ஏ.எஸ்.டி. எண்ணால் பெருக்க வேண்டும். அதை, பிளேட்லட் எண்ணிக்கையை ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். பிளேட்லட்டை ஆயிரங்களில் எடுக்க வேண்டும். பழைய அறிக்கைகளில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்பவை எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற பெயர்களில் இருக்கும்.

காக்காவுக்கு வயது 56, ஏ.எஸ்.டி. 35, ஏ.எல்.டி. 49, பிளேட்லட் 250 ஆயிரம். 56ஐ 35ஆல் பெருக்க 1960. 49இன் வர்க்கமூலம் 7. 7ஐ 250ஆல் பெருக்க 1750. வகுத்தால் 1.12.

1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த எல்லை 2. 2.67க்கு மேலென்றால் ஈரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடைப்பட்டால் அடுத்த பரிசோதனை தேவை. 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு நம்பகமானதல்ல.

அடுத்த பரிசோதனை என்பது ஈரலின் விறைப்பை அளப்பது. பைப்ரோஸ்கான் விலா எலும்புகளுக்கிடையே மெல்லிய அதிர்வொன்றைக் கொடுத்து, அந்த அலை ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும். விறைப்பான பொருளில் அலை வேகமாகப் போகும் என்பது பாடப்புத்தகப் பௌதிகம்தான். அதே மெஷின் கொழுப்புக்கும் ஓர் எண் தரும். ஆனால் அது எம்.ஆர்.ஐ. அளவுக்குத் துல்லியமல்ல. எம்.ஆர்.ஐ.யிலும் விறைப்பை அளக்கலாம். வலது விலாவில் ஒரு தட்டை வைத்துச் செக்கனுக்கு 60 தடவை அதிரச் செய்து, அந்த அலைகளைப் படமெடுப்பார்கள். பைப்ரோஸ்கான் ஒரு சிறு பகுதியை மட்டும் பார்க்கும். இது ஈரலின் பெரும்பகுதியைப் பார்க்கும். தழும்பை அளக்கும் ஸ்கான்களில் மிகத் துல்லியமானது இதுதான். செலவும் அதற்கேற்பக் கூடும்.

காக்காவோடு கிளினிக்குக்கு நானும் போனேன். வைத்தியர் இரத்த அறிக்கையைப் பார்த்தார், அதே கணக்கைப் போட்டார். இப்போதைக்கு எந்த எம்.ஆர்.ஐ.யும் வேண்டாம், சீனி வருத்தம் இருப்பதால் இன்னும் ஒன்று இரண்டு வருடத்தில் இதே இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யலாம் என்றார். 88 கிலோவில் 7 கிலோ என்றால் 8 வீதம். 5 வீத எடை குறைந்தாலே ஈரல் கொழுப்புக் குறையத் தொடங்கும், 7 வீதத்தைத் தாண்டினால் அழற்சியும் தணியும், 10 வீதத்தில் தழும்பும் குறைய வாய்ப்புண்டு என்று ஆய்வுகள் காட்டியிருப்பதாகவும் சொன்னார்.

ஸ்கானுக்குப் போகும் முன்

உங்கள் கையிலும் இப்படியொரு அறிக்கை இருந்தால் சில விடயங்களை மனதில் வையுங்கள்.

கிரேட் ஒன்று என்றால் 'எல்லோருக்கும் இருக்கிறதுதானே' என்று தாளை மடித்து வைக்க வேண்டாம். அந்தத் தாளோடு வைத்தியரிடம் போய், தழும்பைப் பற்றிக் கேளுங்கள். இரண்டு இடங்களில் எடுத்த அல்ட்ராசவுண்ட் கிரேட்களை ஒப்பிட்டு மகிழவும் வேண்டாம், மனம் உடையவும் வேண்டாம். வைத்தியர் கொழுப்பை அளக்க எம்.ஆர்.ஐ. எழுதித் தந்தால், நேரம் பதியும்போதே 'அறிக்கையில் கொழுப்பு வீதம் வருமா?' என்று கேளுங்கள். எல்லா எம்.ஆர்.ஐ.யிலும் அது வராது. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் உடம்புக்குள் உலோகம் உள்ளவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

காக்காவின் ஈரலில் எத்தனை வீதம் கொழுப்பு என்பது இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இப்போது இல்லை. கிளினிக்கிலிருந்து வந்த அடுத்த நாள் சுபஹ் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். "நீயும் வா தம்பி, உனக்கும் வயிறு வந்திருக்கு" என்றார். நானும் நடக்கத் தொடங்கியிருக்கிறேன்.